போர் தண்ணி குடித்த வாட்டர் பம்ப்: கார் கூலிங் பராமரிப்பில் கண்டதும் கற்றதும்

“வாட்டர் பம்ப் எத்தனை கிலோமீட்டர் வரும்?” என்று கேட்பவர்களிடம் (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுழலவைப்பது அந்தப் பம்ப்தான்) நான் முதலில் திருப்பிக் கேட்பது, “உங்க வண்டியில அந்தப் பம்ப்பைச் சுத்துறது எந்த பெல்ட்?” என்பதுதான். ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றும் வெளி பெல்ட்டா, பிஸ்டனுக்கு ஏற்றபடி வால்வுகளைத் திறந்து மூட வைக்க மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டா? இது தெரிந்த பிறகுதான் கிலோமீட்டர் பேச்சு.

மாருதி ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். பம்ப் வெளி பெல்ட்டில் சுற்றுகிறது. ஒழுகினால் கீழே சொட்டும், கண்ணில் படும், பம்ப்பை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இப்படிப்பட்ட வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றச் சொல்ல மாட்டேன். ரெனோ டஸ்டர், நிசான் டெரானோ வண்டிகளின் 1.5 டீசலிலும், ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோவின் 1.5 டீசலிலும் நிலைமை வேறு. அங்கே டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் பல் தாண்டும், இல்லையென்றால் அறுந்தே போகும். பெல்ட் போன நொடியில் பிஸ்டன் மேலே வந்து திறந்து கிடக்கும் வால்வுகளில் இடிக்கும். அதற்கப்புறம் செலவு பம்ப்போடு நிற்காது, சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. பம்ப்பைச் சுற்றுவது வெளி பெல்ட்தான், ஆனால் பம்ப் உட்கார்ந்திருப்பது டைமிங் கவருக்குப் பின்னால். டைமிங் பெல்ட்டை எடுக்காமல் பம்ப்பில் கை வைக்க முடியாது. பழைய பெட்ரோல் கார்கள் சிலவற்றில் இப்படித்தான் அமைப்பு.

இரண்டாவது, மூன்றாவது வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே. டைமிங் பெல்ட் மாற்றும்போதெல்லாம் பம்ப்பையும் மாற்றிவிடுங்கள், பழசு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். காரணம் கூலி. பெல்ட்டைத் திறந்து மூடும் வேலையில்தான் பெரும்பங்கு பணம் போகிறது. பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டரில் அது ஒழுக ஆரம்பித்தால், அதே கூலியை மறுபடி கொடுத்து, கூலன்ட்டில் நனைந்த புது பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டும். பெல்ட்டுக்கான கெடு வண்டியோடு வரும் புத்தகத்தில் கிலோமீட்டராகவும் வருடமாகவும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் வண்டிக்காரர்கள் வருடத்தை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் நின்ற இடத்திலேயே முதிரும்.

எங்கள் வீட்டு டீசல் காரில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பல்லடம் பக்கம் தோட்டத்துக்காரர். வாங்கும்போதே கூலன்ட் டப்பாவில் நிறம் வெளுத்துப்போய், ரோஸ் என்றும் சொல்ல முடியாமல் பழுப்பு என்றும் சொல்ல முடியாமல் இருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு சில மாதங்களில் டப்பாவின் அளவு மேல்கோட்டிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. தரையில் ஒரு சொட்டு கிடையாது. எஞ்சின் ஓடும்போது டப்பாவில் குமிழி வரவில்லை, ஆயில் குச்சியில் வெண்மை இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஆகவே சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் தூரம் ஓட்டி வந்து நிறுத்தினால் பானெட் பக்கம் ஓர் இனிப்பு வாசனை. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகும்போது வருவது. மூக்குக்கு ஒருமுறை பழகிவிட்டால் பிறகு தப்பாது.

தெரிந்த பட்டறையில் பிரஷர் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கையால் அடிக்கும் சின்னப் பம்ப், அதில் ஒரு மீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் எங்கும் ஒழுகல் இல்லை. எங்கள் வண்டியில் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஹோஸ் முனைகள், ரேடியேட்டர் ஓரம் எல்லாம் காய்ந்திருந்தன. மெக்கானிக் டைமிங் கவரின் மேல் பாதியைக் கழற்றி டார்ச் அடித்தார். “இங்க பாருங்கண்ணா, பெல்ட் ஓரம் ஈரமா இருக்குது. பம்ப்பு உள்ளாறயே ஒழுகி, கவருக்குள்ளயே காயுதுங்க. அதான் கீழ சொட்டல.”

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒழுகல் அடைக்கும் டப்பாவைக் காட்டினார்கள். ஊற்றினால் நின்றுவிடும் என்றார்கள். லாரிக்காரர்கள் வழியில் ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள் போட்டு ஊசித்துளை ஒழுகலை அடைப்பது நம் ஊரில் பழைய வித்தை. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு அது ஊர் வந்து சேர உதவும், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பம்ப் ஒழுகலுக்கு இந்த இரண்டுமே மருந்தாகாது. அங்கே ஒழுகுவது ஓட்டையில்லை, சுழலும் சீல். அடைப்பான் துளையில் தங்குவதற்குப் பதிலாக ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரிலும் போய்த் தங்கும். டைமிங் பெல்ட் கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்துவிட முடிவெடுத்தோம்.

கழற்றிய பம்ப்பை ஒரு நியூஸ்பேப்பரில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். பம்ப் உடம்பில், தண்டு வெளியே வரும் இடத்துக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. சீலைத் தாண்டி வரும் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழிவதற்காக வைத்த ஓட்டை. அதன் வாயில் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்து இறுகியிருந்தது. தண்டைக் கையால் சுற்றினால் மணல் உரசுவது போல் விரலில் தெரிந்தது. கப்பியைப் பிடித்து ஆட்டினால் மிக லேசான ஆட்டம். கூலன்ட்டைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தகரத் தகடு. இறக்கைகளின் ஓரம் அரித்து ரம்பப்பல் போல ஆகியிருந்தது, ஒன்று பாதிதான் மிச்சம். இறக்கைகளின் அடியில், வாட்டர் ஹீட்டர் கம்பியில் படியுமே, அதே சுண்ணாம்பு வெள்ளை. நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது.

அந்த வெள்ளைப் பொருக்குதான் எனக்கு முழுக் கதையையும் சொன்னது. பம்ப்புக்குள் இருப்பது மெக்கானிக்கல் சீல். பெரும்பாலும் கார்பனும் செராமிக்கும், இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுழல்கின்றன. நடுவே முடியைவிட மெல்லியதாக ஒரு படலம் கூலன்ட். அந்தப் படலம்தான் சீலுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும். கூலன்ட் குறைந்து வறண்டு ஓடினால் சீல் கருகும். உப்புத் துகள் நடுவில் புகுந்தால் முகத்தில் கோடு விழும். கோடு வழியே கூலன்ட் கசியும், கசிவு பேரிங்கின் கிரீஸைக் கழுவும், பேரிங் முனகும். பம்ப் கிலோமீட்டரால் சாவது குறைவு. பெரும்பாலும் அதைக் கொல்வது உள்ளே ஓடும் தண்ணீர்.

நம் பக்கத்து போர் தண்ணியைப் பற்றி யாருக்கும் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் ஆயிரம் அடி தாண்டிப் போட்ட போரில் வரும் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதே தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். “குடிக்கிற தண்ணிதானே” என்று சொல்வார்கள். குடிக்க ஆகும் தண்ணீர் எல்லாம் எஞ்சினுக்கு ஆகாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இன் படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. மனிதனுக்கு அது பரவாயில்லை. எஞ்சினுக்குள் அந்தச் சுண்ணாம்பு சூடு அதிகமான இடமாகப் பார்த்துத்தான் படியும், அதாவது சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைச் சுற்றி. படிந்த இடத்தில் சூடு கடத்துவது குறையும். போதாததற்கு, சில வகைக் கூலன்ட்டில் துரு தடுப்பதற்காகச் சேர்த்த பாஸ்பேட்டோடு கால்சியம் வினைபுரிந்து வண்டலாகிவிடும். பாதுகாப்புக்காகக் காசு கொடுத்து வாங்கிய மருந்தே அப்படியே அடியில் படிந்து வீணாகிறது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கிறது. கூலன்ட்டில் கலக்க அதை மட்டுமே பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே வைத்து விற்கும் பேட்டரி ஆசிட் கேனோடு குழப்பிக்கொள்ளாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள். வழியில் அவசரம் என்றால் கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில் போர் தண்ணியைவிட எவ்வளவோ மேல். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணி கிடைக்கும் தெருக்காரர்களும் அதை மட்டும் ஊற்றி ஓட்ட வேண்டாம். ருசியான தண்ணிதான், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லையே.

“நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?” என்ற கேள்வி இன்னும் பட்டறைகளில் ஓடுகிறது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டும். அலுமினிய ஹெட், இரும்பு பிளாக், ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பு அல்லது அலுமினியம், ரப்பர், பம்ப் சீல் என்று இத்தனை பொருள்களும் ஒரே திரவத்தில் நனைந்து கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று அரிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு அதில் கிடைக்கும் பெரிய நன்மை.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம், அதற்குப் பொதுத் தரம் கிடையாது. பழைய கனிம வகை பொதுவாக 2 வருடத்துக்குத் தாங்கும். கரிம அமில வகை 5 வருடம் வரையிலும் போகும். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழாகவே இறுகும். வண்டிப் புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதே வகை வாங்குங்கள். டப்பாவில் ‘ரெடி டு யூஸ்’ என்று இருந்தால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. ‘கான்சன்ட்ரேட்’ என்றிருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். அதை அப்படியே ஊற்றுவதும் தவறு, ஏனென்றால் தனிக் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

எங்கள் வண்டியின் பழைய கூலன்ட்டை இறக்கியபோது காபி நிறத்தில் வந்தது. டிஸ்டில்டு வாட்டர் விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி இறக்கி, தண்ணீர் தெளியும் வரை அலசினோம். இங்கே பலரும் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. ரேடியேட்டரை இறக்கினாலும் எஞ்சின் பிளாக்குக்குள் தண்ணீர் தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வையுங்கள், வெளியே வந்தது 4 லிட்டர்தான். அப்படியானால் உள்ளே 2 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. பாதிக்குப் பாதி கலவை வேண்டுமென்றால் முதலில் 3 லிட்டர் கான்சன்ட்ரேட்டை ஊற்றிவிட்டு, பிறகுதான் 1 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கைப் போடாமல் ரெடி மிக்ஸ் கேனை ஊற்றினால் கலவை நீர்த்துப் போகும். அலசிய பிறகு ரெடி மிக்ஸ்தான் ஊற்றப்போகிறீர்கள் என்றால் கடைசி அலசலையும் ரெடி மிக்ஸாலேயே செய்ய வேண்டும், செலவு கூடும்.

பம்ப்போடு சேர்த்து டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட் உருண்டு போகும் ஐட்லர் உருளை, கூலன்ட் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட், கூலன்ட் மூடி மாற்றினோம். ஹோஸ்களைப் பிதுக்கிப் பார்த்தோம். கீழ் ஹோஸ் முனை உப்பிக் கிளிப் அருகே வெடிப்பு விட்டிருந்ததால் அதுவும் போனது. பணம் இறுக்கமாக இருந்தால் தெர்மோஸ்டாட்டை அடுத்த முறைக்குத் தள்ளலாம். டென்ஷனரையும் ஐட்லரையும் மட்டும் தள்ள வேண்டாம், அவையும் அதே பெல்ட்டில் சுழலும் பேரிங்தான். புது பம்ப் வாங்கும்போது கடையிலேயே கையால் சுற்றிப் பாருங்கள். வழவழப்பாக, லேசான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, நல்ல கம்பெனி பிளாஸ்டிக் அரிக்காது. தண்டில் வழுக்கிச் சுற்றும் மலிவுச் சரக்குதான் ஆபத்து. மாட்டும்போது பழைய கேஸ்கெட் பசையைச் சுத்தமாக எடுக்க வேண்டும், அதற்காக அலுமினிய முகத்தில் ஸ்க்ரூடிரைவரால் கீறிவிடவும் கூடாது. எங்கள் மெக்கானிக் ஸ்காட்ச் பிரைட் துண்டை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார், அவசரப்படவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் மறுபடி வண்டியை விடுவேன்.

வேலையின் கடைசிப் பகுதி ஏர் எடுப்பது. பாதிப் பட்டறைகளில் இதைத்தான் ஓட்டமும் நடையுமாக முடிக்கிறார்கள். கூலன்ட் வழியில் காற்றுக் குமிழி மாட்டினால் பம்ப் காற்றையே கடைந்துகொண்டிருக்கும். ஏர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும் வரை ஊற்ற வேண்டும். உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் பேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று நம்பலாம். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் அளவைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஊற்றிக்கொள்ளலாம். அதற்கடுத்த வாரமும் இறங்கினால் பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

சூடேறும் வண்டியெல்லாம் பம்ப் போன வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் மச்சான் குன்னூர் ஏறும்போது அவருடைய பெட்ரோல் கார் சூடு காட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறக்குறைய 1500 மீட்டர் ஏற்றம். இரண்டாவது கியரில், பயணிகளோடு, ஏசி போட்டு ஏறும்போது எஞ்சின் முழுச் சுமையில் இருக்கிறது, வண்டியோ ஊர்ந்து போகிறது, எதிர்க்காற்றும் இல்லை. அவரிடம் வேறொரு பட்டறையில் வாட்டர் பம்ப் மாற்றச் சொல்லிவிட்டார்கள். “மாப்ள, பம்ப்புக்குச் சொல்லிட்டாங்க, என்ன பண்றது?” என்று போன் செய்தார். நான் கேட்டது, எப்போது சூடாகிறது, எப்போது ஆகவில்லை என்பதுதான்.

சிக்னலிலும் ஊர் நெரிசலிலும் சூடேறி, ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் பேன் பக்கம் பாருங்கள். மோட்டார், ரிலே, பியூஸ், அல்லது குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர். ஏசியைப் போட்டதும் பேன் ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலோ ஏற்றத்திலோ சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் ஓட்டம் குறைவு, தெர்மோஸ்டாட் பாதி திறப்பு, இம்பெல்லர் அரிப்பு இவற்றில் ஒன்று. மச்சான் வண்டியில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்தில் மண்ணும் பூச்சியும் காய்ந்த இலையும் பஞ்சும் சேர்ந்து திரையே போட்டிருந்தன. திருப்பூர் வண்டி, பஞ்சுக்குக் கேட்கவா வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று தெரிகிறது, அதற்குப் பின்னால் இருப்பது கண்ணுக்கே படாது. வாட்டர் சர்வீஸில் பெரிய பிரஷரில் நேராக அடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். பேனைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவினார்கள். அதோடு சூடு நின்றது, பழைய பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மலை ஏறுபவர்கள் கூலன்ட் மூடியை ஒரு சாமானாகவே மதிப்பதில்லை. அது வெறும் மூடி கிடையாது, அழுத்த வால்வு. 0.9 பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும் மூடி நன்றாக வேலை செய்தால் சமவெளியில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது, பாதிக்குப் பாதி கூலன்ட் 125 டிகிரியையும் தாண்டும். அதே வண்டி ஊட்டியில் நிற்கிறது என்று வையுங்கள். உயரம் சுமார் 2240 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில். எஞ்சினின் சாதாரண வேலைச் சூடே ஏறக்குறைய 90. மூடியின் ரப்பர் செத்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், எந்தக் கோளாறும் இல்லாத எஞ்சின்கூட மலையுச்சியில் கொதிக்கும். சில நூறு ரூபாய் சாமான். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக உள்ளே இழுத்துக்கொண்டு இருந்தால் மூடியில் உள்ள வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றி வீசிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெழுகு சுமார் 82 முதல் 88 டிகிரியில் இளகித் திறக்க ஆரம்பித்து, சூட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கிறது. எடுத்துவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரமும் கரியும் சேரும், தேய்மானம் ஏறும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் பாதிக் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். குளிரும் என்று நினைத்துக் கழற்றிய வண்டி ஏற்றத்தில் கொதிக்கும்.

மீட்டர் முள்ளை முழுதாக நம்ப வேண்டாம். நிறைய வண்டிகளில் முள் நடுவில் நிற்கும்படியே செய்திருக்கிறார்கள், உள்ளே பத்து இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாது. சில வண்டிகளில் முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். ஓபிடி சாக்கெட்டில் (பட்டறைக்காரர்கள் கோளாறு பார்க்கக் கம்ப்யூட்டர் மாட்டும் இடம்) மாட்டும் ப்ளூடூத் கருவி வாங்கினால் போனிலேயே கூலன்ட் சூடு எண்ணாகத் தெரியும். உங்கள் வண்டி வழக்கமாக எந்த எண்ணில் ஓடுகிறது, பேன் எந்த எண்ணில் கிளம்புகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், வித்தியாசம் வரும் நாளில் உடனே பிடிபடும். இன்னொன்று, ஏறியிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் முழுக்கக் கொட்டி, சென்சார் காற்றில் நின்றால் முள் அப்படித்தான் விழும். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள், குளிர்ந்த காற்று வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

ஏற்றத்தில் சூடு ஏறுகிறது, ஆனால் ஆவி வரவில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போட்டு, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உள்ளே வியர்த்து ஊற்றும், எஞ்சின் தப்பிக்கும். இடம் கிடைத்ததும் ஓரம் கட்டி, பேன் ஓடுகிறதா பார்த்து, ஐட்லிங்கில் ஆறவிடுங்கள். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஐட்லிங் வேண்டாம், உடனே நிறுத்த வேண்டும். மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தம் விட்ட நொடியில் நூறு டிகிரிக்கு மேலான கூலன்ட் மொத்தமும் முகத்துக்கு நேராகப் பொங்கும். அரை மணி, முக்கால் மணி பொறுத்து, மேல் ஹோஸைப் பிதுக்கினால் மெத்தென்று இருக்கும் நிலையில், கெட்டித் துணி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும்.

வாராவாரம் டயர் காற்றுப் பார்க்கும்போது டப்பாவின் அளவையும் ஒரு பார்வை பார்ப்பேன், காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது. கொஞ்சம் குறைந்தாலே காரணம் தேடுவேன், ஏனென்றால் கூலன்ட் மூடிய சுற்று, பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருளில்லை. பானெட்டுக்குள் ரோஸ், பச்சை உப்புப் படிவு, பெல்ட் பக்கம் புது முனகல், நிறுத்தியதும் இனிப்பு வாசனை, இந்த மூன்றில் எது வந்தாலும் மலைப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பட்டறை. வெளி பெல்ட் வண்டியில் பம்ப் சந்தேகம் வந்தால், எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கப்பியை ஆட்டிப் பாருங்கள். துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பழைய வி பெல்ட் வண்டிகளில் கீச்சுச் சத்தத்துக்காகப் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவார்கள். அந்த இழுப்பு முழுவதும் பம்ப் பேரிங்கின் மேல்தான் விழும்.

இறக்கிய கூலன்ட்டைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்ட விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். வண்டிக்கு அடியில் அகலத் தட்டு வைத்துப் பிடித்து, மூடி போட்ட கேனில் ஊற்றி, கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாகப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் புதுக் கூலன்ட்டை அதன் கேனிலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.